ரேடியோ விடாவின் வரலாறு, நானூறு சொற்களுக்கு மிகாமல்

டோல்யானியில் ஒருவர் சாவதற்கு இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். முதலில் மூச்சு நிற்க வேண்டும். பிறகு பகல் பதினொன்றரை மணிக்கு விடா அதை ரேடியோவில் வாசிக்க வேண்டும். முதலாவது மட்டும் நடந்தால் சுற்றுவட்டாரம் அதைச் சாவு என்று ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டாவது மட்டும் நடந்தால் ஏற்றுக்கொள்ளும். இதற்கு மலைமேல் ஆடு வளர்க்கும் மிலெந்தி சாட்சி.

இருபது வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தெருவில் மிலெந்தி என்று இன்னொருவர் இறந்துபோனார். விடா மூக்குக்கண்ணாடியை அடுப்படியில் வைத்துவிட்டு வந்ததில், மலை மிலெந்தியின் தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்து வாசித்துவிட்டாள். வியாழக்கிழமை அவர் பாலாடைக்கட்டி விற்கச் சந்தைக்கு இறங்கி வந்தபோது, பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். நகராட்சி குமாஸ்தா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரேடியோவுலயே சொல்லிட்டாங்க, இனிமே நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தான்.

மிலெந்தி நேராக ரேடியோ வீட்டுக்கு வந்தார். "விடாக்கா, என்னைக் கொன்னது நீ. நீயே எழுப்பு" என்றார்.

மறுநாள் பதினொன்றரைக்கு, வழக்கமான சோக வயலினுக்குப் பிறகு, "மலைக்கிராமத்து மிலெந்தி உயிருடன் இருக்கிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று விடா வாசித்தாள். வருத்தம் பழக்கதோஷத்தில் வந்து விழுந்துவிட்டது. அன்று முதல் அவருக்குக் காலஞ்சென்ற மிலெந்தி என்றே பெயர் நிலைத்தது. அவரும் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, சாராயக்கடையில் யாராவது சண்டைக்கு வந்தால், "செத்தவன்கிட்ட என்னடா உனக்குப் பேச்சு?" என்று வாயை அடைத்துவிடுவார்.

ரேடியோ விடா என்பது பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. வீட்டின் முன்னறை, ஒரு மேசை, இரண்டு மைக், கோழிக்கூண்டின் கூரைமேல் நட்ட ஆண்டெனா. ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரெட்டென் என்பவர் தாமே செய்த ஒலிபரப்புக் கருவியால் அதைத் தொடங்கி, மனைவி பெயரையே வைத்தார். "கல்யாணத்துக்கு மோதிரம் போடல, அலைவரிசை போட்டிருக்கேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் எந்தத் தெருவில் தண்ணீர் வராது, யாருடைய மாடு காணவில்லை என்கிற செய்தி. மாலையில் வாழ்த்தும் விருப்பப் பாட்டும். பட்டாளத்துக்குப் போகும் பையனுக்கு ஒரே பாட்டை ஏழு சித்திகள் ஏழு தடவை கேட்பார்கள், ஏழு தடவையும் போட வேண்டும். நடுவில் பதினொன்றரைக்கு விடா.

ஊருக்குள் சாவு விழுந்தால் மின்கம்பத்தில் கறுப்புக்கரை நோட்டீஸ் ஒட்டுவார்கள். மலைமேல் இருபத்து மூன்று சிற்றூர்களுக்கு அந்த நோட்டீஸ் ஏறாது. செல்போன் பேச அங்கே மரத்தில் ஏற வேண்டும், ஏறுகிற வயதில் அங்கே யாரும் இல்லை. அவர்கள் ரேடியோவைப் பிளம் மரக் கிளையில் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். பதினொன்றரைக்கு மண்வெட்டியைக் கீழே போட்டு, தொப்பியைக் கழற்றி, இன்று யார் என்று கேட்பார்கள். கேட்டால்தான் மறுநாள் அடக்கத்துக்கு இறங்கி வருவார்கள்.

விடாவுக்கு எண்பத்தொரு வயதாகி, இதயம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலைக்கு வரத் தொடங்கியபோது, அவள் மகன் டிஹோமிரைக் கூப்பிட்டுத் தையல் மெஷின் டிராயரைத் திறக்கச் சொன்னாள். உள்ளே அவள் கையெழுத்தில் அவளுடைய சாவுச் செய்தியே தயாராக இருந்தது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

"ஊர்ல எல்லாரையும் நான்தான்டா அனுப்பி வச்சேன். என்னை நீ அனுப்பு" என்றாள். "மலைக்காரங்க எல்லாரும் வரணும். நிறுத்தி நிதானமா வாசி. ஓட்டப்பந்தயத்துல ஓடுற மாதிரி வாசிக்காத."

"சரிம்மா" என்றான் டிஹோமிர். அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. அமைதி என்று பொருள்படும் பெயரை ஒரு ரேடியோக்காரர் தன் மகனுக்கு ஏன் வைத்தார் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே எல்லோரும் அவனைக் கேட்டிருக்கிறார்கள். அவன் பதில் சொன்னதில்லை.

அந்த வாரமே தலைநகரிலிருந்து வானலை மேன்மை ஆணையத்தின் விண்ணப்பப் படிவம் வந்தது. உரிமத்தைப் புதுப்பிக்க அறுபத்து நான்கு பக்கம். ஆண்டெனாவின் உயரம், கோழிக்கூண்டின் உயரம், ஆண்டெனா இல்லாதபோது கோழிக்கூண்டின் உயரம் எல்லாம் கேட்டிருந்தார்கள். 'இ' இணைப்பில் அறிவிப்பாளர்களின் பெயர்; சாவுச் செய்திக்கு எதிரே அவன் 'விடோசாவா' என்று அம்மாவின் முழுப்பெயரை எழுதினான். பதினான்காவது கேள்வி: நிலையத்தின் வரலாறு, நானூறு சொற்களுக்கு மிகாமல், உண்மைக்கு மாறாமல்.

இந்தக் கடைசி இரண்டு சொற்களை அவன் அப்படியே நம்பினான். அங்கே தொடங்கியது வினை.

அப்பா கருவி செய்தது, காணாமல்போன மாடு திரும்பியது, காலஞ்சென்ற மிலெந்தி உயிர்த்தெழுந்தது எல்லாவற்றையும் எழுதினான். ஒரு தேர்தலில் இரண்டு கட்சிக்கும் அப்பா சமமாகப் பத்து நிமிஷம் கொடுத்து, இரண்டு கட்சியிடமும் சமமாக அடி வாங்கியதை எழுதினான். சொல் மிச்சம் இருந்தது. அப்பா இறந்தபோது நாற்பது நாள் பாட்டுப் போடவில்லை என்பதையும் எழுதினான்.

அது நடந்ததுதான். துக்க வீட்டில் நாற்பது நாள் பாட்டு கேட்கக் கூடாது. ரேடியோ வீட்டுக்குள் இருக்கிறது. "புருஷன் மண்ணுல ஈரம் காயல, முன்னறையில அக்கார்டியனா?" என்று விடா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர்ச் செய்தி உண்டு, மாட்டுச் செய்தி உண்டு, சாவுச் செய்தி உண்டு. வயலின்கூடக் கிடையாது. விருப்பப் பாட்டு கேட்டவர்களுக்கு, "பேத்தி கல்யாணத்துக்கு வாழ்த்துகள். பாட்டை இந்தத் தடவை நீங்களே மனசுக்குள்ள பாடிக்கோங்க" என்று வாசித்தாள். ஊரில் யாரும் இதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் அதிசயம்.

மூன்று மாதம் கழித்து ஆணையம் அவனை நேரில் அழைத்தது.

தலைநகரில் ஒரு நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்பும் ஒரு மைக், எதுவும் வேலை செய்யவில்லை. தலைவர் முனைவர் ராதிவோய் வேலை செய்யாத மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து தொடங்கினார்.

"டிஹோமிர், எழுபத்திரண்டு நிலையம் வரலாறு அனுப்பியிருக்கு. எழுபத்தொண்ணு ஒரே வரலாறு. ஒரே ஆள்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. படிக்கவே சுகமா இருந்தது. உங்களுது மட்டும் நிஜமா நடந்த மாதிரி இருக்கு."

"நடந்ததுதாங்கய்யா."

"அதுதான் சிக்கல். உங்க உரிமம் இசை வானொலி. நூத்துக்கு ஐம்பத்தொரு பங்கு இசை. நாற்பது நாள் இசையே இல்ல. அப்ப அந்த நாற்பது நாள் நீங்க யாரு?"

டிஹோமிர் கொஞ்சம் யோசித்தான். "அப்பா இல்லாதவன்" என்றான்.

அதிகாரி யாஸ்னா என்கிற அம்மாள் அதைக் குறித்துக்கொண்டு, பட்டியலில் தேடினாள். "அப்படி ஒரு வகை இல்லைங்க. இசை, பேச்சு, சமயம், விளையாட்டு. நாலுதான்."

"விளையாட்டு வேணாங்க" என்றான் டிஹோமிர் அவசரமாக.

முனைவர் ராதிவோய் எழுந்தார். அவர் எழுந்தால் பேருரை என்று மற்ற நால்வருக்கும் தெரியும். பேனாவை மூடிவிட்டுக் கைகட்டிக்கொண்டார்கள்.

"இந்த ஆணையத்தைப் பத்தி வெளியில தப்பாப் பேசுறாங்க. நாங்க யாரையும் வாயை மூடச் சொன்னதில்ல. திறக்குறதுக்கு முன்னால அது என்ன வகை வாய்னு மட்டும் கேக்குறோம். முன்னெல்லாம் இந்த நாட்டுல ஒரு குரலை அடக்கணும்னா ராத்திரியில ஆள் அனுப்பணும், வண்டி வேணும், பெட்ரோல் வேணும். இப்ப ஒரு படிவம் போதும். இது நாகரிகத்தோட வளர்ச்சி இல்லையா? நான் பதவிக்கு வந்தப்ப நானூறு நிலையம் இருந்தது, யார் என்ன பேசுறாங்கன்னே தெரியல. இன்னைக்கு எழுபத்திரண்டு. ஒழுங்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு நீங்களே கணக்குப் பண்ணிக்கோங்க. ஆனா சிறு நிலையங்களைக் கைவிடுற ஆணையம் இல்ல இது. உங்களுக்காகவே ஐந்தாவதா ஒரு வகையை உண்டாக்குறோம். துக்க வானொலி."

ஐந்து பேரும் கைதட்டினார்கள். டிஹோமிருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், தனக்காக ஒன்று உண்டாக்கப்பட்டது இதுவே முதல் தடவை என்பதால் அவனும் தட்டினான்.

உரிமம் தபாலில் வந்தபோதுதான் புரிந்தது. துக்க வானொலி துக்கத்தில் மட்டுமே ஒலிபரப்பலாம். துக்கம் என்பது உரிமையாளர் வீட்டுப் பதிவேட்டில் பெயருள்ள ஒருவரின் மரணத்திலிருந்து நாற்பது நாள். மரணச் சான்றிதழின் நகல் இணைக்கப்பட வேண்டும். மற்ற நாள்களில் கருவி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பதிவேட்டில் இரண்டே பெயர்கள் இருந்தன: விடோசாவா, டிஹோமிர்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று சொல்வார்களே, இங்கே பூதம் கையெழுத்துப் போட்டு ரசீதும் கொடுத்தது. யாஸ்னா இரண்டு ஆள்களோடு வந்து, கருவிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டைக் கழற்றி, எண் போட்ட உறைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். அது இல்லாமல் கருவி வெறும் தகரப்பெட்டி. "சாவு விழுந்ததும் எழுதிப் போடுங்க, உடனே கொண்டாந்து மாட்டிடுவோம்" என்று நல்ல மனதோடுதான் சொன்னாள். விடா கொடுத்த காப்பியையும் குடித்தாள்.

விடா முதலில் வயிறு நோகச் சிரித்தாள். "பாத்தியாடா, நான் செத்தாதான் ரேடியோ பேசும். ஸ்ரெட்டென் கேட்டிருந்தா பெருமைப்பட்டிருப்பான்." மறுநாள் பதினொன்றரைக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து, மேசைமுன் சும்மா உட்கார்ந்துவிட்டு, சோறு வைக்கப் போனாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

மலையிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள் விசாரித்தார்கள். "என்ன டிஹோ, ரேடியோவுல இரையுற சத்தம் மட்டும்தான் வருது?" என்று கேட்டவர் காலஞ்சென்ற மிலெந்தி. படிவத்தையும் வகையையும் அவன் விளக்கினான். மிலெந்தி கடைசிவரை கேட்டுவிட்டு, "யாரும் சாகல, அதனால சத்தம் இல்ல. அவ்வளவுதானே? நல்ல சேதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மலைமேல் எல்லோரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்த இலையுதிர்காலத்தில் டோல்யானியில் ஒருவரும் சாகவில்லை என்று அங்கே பேச்சு.

ஐந்தாவது மாதம் ஆணையத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நூற்றெண்பது நாள் பயன்படுத்தப்படாத உரிமம் தானாகவே ரத்தாகும் என்பதை நினைவூட்டி, "தங்கள் நிலையத்தின் முதல் ஒலிபரப்பை எந்தத் தேதிவாக்கில் எதிர்பார்க்கலாம் எனத் தெரிவிக்கவும்" என்று முடித்திருந்தார்கள். டிஹோமிர் அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். ரொட்டி சுடுகிறவளிடம் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற புத்தி அவனுக்கு.

"எப்ப சாவேன்னு கேட்டிருக்காங்களா?" என்று அவள் கடிதத்தோடு வந்து நின்றாள்.

"அப்படி இல்லம்மா. அது பொதுவா எல்லாருக்கும் அனுப்புறது."

"பதில் போடு. முயற்சி நடந்துக்கிட்டு இருக்குன்னு."

"அம்மா!"

"கோபப்படாத. கெடு தாண்டிச் செத்தா நீ எதுல வாசிப்ப?" அவள் கடிதத்தை நான்காக மடித்தாள். "எண்ணிப் பாத்துட்டேன். மாசிப் பனிக்குள்ள முடிக்கணும்."

அவனுக்கு அழுகை வந்தது. வாரம் இரண்டு தடவை மருந்து வாங்கி வந்து கொடுத்தான்; ஒவ்வொரு மாத்திரையும் உரிமத்தில் ஒரு நாளைத் தின்றது. மாத்திரையைக் கொடுக்கும்போது உரிமம் நினைவுக்கு வந்தது, உரிமத்தை நினைக்கும்போது தன் மேலேயே அருவருப்பு வந்தது. இதற்கு நடுவில் யாஸ்னா தொலைபேசியில், "ஏதாவது முன்னேற்றம் இருக்கா சார்?" என்று வாராவாரம் அன்போடு விசாரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பரவாயில்லை என்று அவன் சொல்வான். "அய்யோ, அப்படியா" என்பாள்.

விடா நூற்று எழுபத்தோராம் நாள், திங்கட்கிழமை, பகல் பதினொன்று இருபதுக்கு இறந்துபோனாள். ஒன்பது நாள் மிச்சம் வைத்திருந்தாள். வேலையில் அவள் எப்போதுமே நேரம் தவறாதவள்.

டிஹோமிர் அழுது முடிக்கவில்லை. சான்றிதழுக்கு ஓடினான், நகல் எடுத்தான், விரைவுத் தபாலில் போட்டுவிட்டுத் தலைநகருக்குப் போன் செய்தான். யாஸ்னா மனதார வருந்தினாள். பிறகு மனதார மகிழ்ந்தாள். மறுநாள் காலையிலேயே உறையோடு வந்துவிட்டாள். அடக்கம் புதன்கிழமை. செவ்வாய் பதினொன்றரைக்கு வாசித்துவிட்டால் மலைக்காரர்களுக்குப் போதும். துக்க வீட்டு வழக்கப்படி முன்னறையில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போட்டிருந்தது, இறந்தவர் பெயரில் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கோதுமை வெந்துகொண்டிருந்தது. யாஸ்னா எல்லாவற்றையும் பார்த்து, 'துக்கம் அசல்' என்று ஒரு கட்டத்தில் குறியிட்டாள். தகட்டை உறையிலிருந்து பாதி வெளியே எடுத்தாள். கையிலிருந்த கோப்பைப் புரட்டினாள். தகட்டை மறுபடி உள்ளே தள்ளினாள்.

"சாவுச் செய்தி அறிவிப்பாளர் எங்கங்க? அவங்க முன்னிலையிலதான் மாட்டணும்."

"யாரு?"

"விடோசாவா. 'இ' இணைப்புல நீங்கதான் எழுதியிருக்கீங்க."

டிஹோமிர் உள்ளறையைக் காட்டினான். கதவு திறந்தே இருந்தது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

"அவங்களேதாங்க" என்றான்.

யாஸ்னா உள்ளே பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், திரும்பி வந்தாள். "புரியுது சார். ஆனா அவங்க இறந்தது 'அ' இணைப்பு, வீட்டுப் பதிவேடு. 'இ' இணைப்புல இன்னும் பணியில இருக்காங்க. ரெண்டும் வேற வேற பிரிவு."

"நான் வாசிக்கிறேன். அம்மாவே எழுதிக் கொடுத்திருக்காங்க. நாலு வரிதான்."

"அறிவிப்பாளரை மாத்தணும்னா பழைய அறிவிப்பாளர் நேர்ல வந்து சம்மதக் கையெழுத்துப் போடணுமே."

அவள் கெட்டவள் இல்லை. தலைவருக்கே போன் போட்டுக் கொடுத்தாள். முனைவர் ராதிவோயின் குரல் தேனாக ஒழுகியது.

"டிஹோமிர், என் தாயே போன மாதிரி இருக்கு. உங்கம்மா குரலை நாங்க சும்மா விட்டுட முடியுமா? யாரோ ஒருத்தர் வந்து அவங்க இடத்துல உக்காந்து பேசிட்டுப் போக? குரலுக்கு இந்த நாட்டுல இப்ப இருக்கிற பாதுகாப்பு எப்பவும் இருந்ததில்ல. அவ்வளவு பாதுகாப்பு, அவங்களே கேட்டாக்கூட வெளிய விட மாட்டோம்."

"நான் அவங்க மகன்ங்க."

"அது வீட்டுப் பதிவேடு. வானலையில உறவு கிடையாது."

மணி பதினொன்று முப்பத்தைந்து ஆகியிருந்தது. யாஸ்னா உறையை ஒட்டினாள். போகும்போது ஒரு கிண்ணம் வெந்த கோதுமையை மறுக்காமல் சாப்பிட்டு, இறந்தவர் ஆன்மாவுக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனாள்.

புதன்கிழமை அடக்கத்துக்குத் தெருக்காரர்களும் பாதிரியாரும் வந்தார்கள். மலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. டிஹோமிர் கல்லறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதிரியார் அவனுக்காகக் கால்மணி நேரம் தூபத்தை மெதுவாக ஆட்டினார். அதற்குமேல் அவராலும் முடியவில்லை.

மறு வாரம் வியாழக்கிழமை காலை ஆணையத்தின் கடிதம் வந்தது. நூற்றெண்பது நாள் முடிந்ததால் உரிமம் ரத்து. அலைவரிசை தலைநகரத்து இசைக் கம்பெனி ஒன்றுக்கு வழங்கப்பட்டது. கடிதம் திருமதி விடோசாவாவுக்கே எழுதப்பட்டிருந்தது. அவருடைய நீண்டகாலச் சேவையைப் பாராட்டி, பூரண நலத்துடன் நெடுநாள் வாழ ஐந்து உறுப்பினர்களும் வாழ்த்திக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, காலஞ்சென்ற மிலெந்தி சந்தைப் பையோடு வாசலில் வந்து நின்றார். கையில் சுட்ட மிளகாய்த் துவையல் ஒரு பாட்டில்.

"விடாக்காவுக்கு. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன், நெஞ்சுக்கு ஆகாதுல்ல. எப்படி இருக்கா?"

"மாமா, அம்மா போயிட்டாங்க. போன வாரம் திங்கக்கிழமை."

மிலெந்தி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். "யாரு, விடாவா? ரேடியோல வரலியே."

"ரேடியோவ மூடிட்டாங்க மாமா."

"அதெல்லாம் விடு. தினமும் பதினொன்றரைக்குத் தொப்பியைக் கழட்டிட்டு நிக்கிறேன், பேரு வரல. உயிரோட இருந்த என்னையே சொன்னவ, தன்னைச் சொல்லாமப் போவாளா? பழைய கணக்குக்கு என்னைத் திருப்பி ஏமாத்தச் சொன்னாளாக்கும்." அவர் பாட்டிலை அவன் கையில் திணித்தார். "எங்க அவ?"

டிஹோமிர் வாயைத் திறந்தான். தையல் மெஷின் டிராயரில் இருந்த நான்கு வரிகளும் அவனுக்கு மனப்பாடம். இந்த ஒரு ஆளுக்காவது சொல்லிவிடலாம். ஆனால் எதிரே நிற்கிறவர் சிரித்துக்கொண்டிருந்தார், மலைமேல் இருபத்து மூன்று ஊர் அவரைப் போலவே இருந்தது. அவன் கையில் ஐந்து கையெழுத்தோடு கடிதம் இருந்தது.

"தூங்குறாங்க மாமா" என்றான்.

"அப்படிச் சொல்லு." மிலெந்தி சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "போய் எழுப்புடா. பதினொன்றரை ஆகப்போவுது."